விடுபட்ட ஐந்து புள்ளிகள்

எனக்குக் குளிர் ஆகாது. வீட்டில் மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைத்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் குடிப்பேன். உலகத்திலேயே மிகக் குளிர்ந்த பொருளை வைத்துப் பிழைப்பு நடத்துகிற மனுஷன் இப்படியா என்று கல்யாணமான புதிதில் என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிட்டால் நன்றாக இருக்கும். நன்றி.

வழக்குக் கோப்பை மூடிவிட்டதாக வெளியே உட்கார்ந்திருந்தவர் சொன்னார். ஐந்து மாதத்துக்கு முன் எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் மனைவியின் தம்பி இறந்தது விபத்து என்று எழுதி, நீங்களே கையெழுத்தும் போட்டுவிட்டீர்களாம். திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வேலை வைப்பதற்கு வருத்தப்படுகிறேன். என்னை யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். எதற்கு வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் வேலை புரியாமல் அது புரியாது.

வேலை இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கூண்டுக்குள் சில லட்சம் அணுக்களைப் பிடித்து வைப்போம். லேசர் ஒளியால் அவற்றின் ஓட்டத்தை அடக்கி, மேலும் மேலும் குளிர வைத்து, இதற்குக் கீழே போகவே முடியாது என்று இயற்கை போட்டிருக்கிற கோட்டுக்கு மயிரிழை பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். அங்கே போனதும் அந்த அணுக்கள் தனித்தனியாக இருப்பதை விட்டுவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே ஆள் மாதிரி நடந்துகொள்ளும். அதை நாங்கள் மேகம் என்போம். மேகத்துக்குக் கீழே, ஒரு தலைமுடி கனத்துக்கு இடைவெளி விட்டு, மெல்லிய படலம் ஒன்று இருக்கும். நன்றாகக் குளிர்ந்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அந்த வகைப் பொருளில் ஏன் அப்படி ஓடுகிறது என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. படலத்துக்குள் எது அசைந்தாலும் மேலே மிதக்கிற மேகம் நெளியும். அந்த நெளிவைப் படம்பிடித்தால் உள்ளே நடப்பது தெரியும். யோசனை அவ்வளவுதான், ஒரு தாளின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

மேகம் பத்து விநாடி உயிரோடு இருந்தால் போதும், படலத்தை முழுசாக வரைந்துவிடலாம். எங்கள் மேகம் நான்காவது விநாடியில் செத்தது. பதினோரு வருஷமாக நான்காவது விநாடியில் செத்தது.

காந்தப்புலம் துளி ஆடினாலும் அது செத்துப்போகும். முதல் வருஷம் கோளாறு லிஃப்டில் என்று கண்டுபிடித்தேன். லிஃப்டின் எதிர்ப்பளு சுவருக்கு அந்தப் பக்கம் ஏறி இறங்கும்போதெல்லாம் மேகம் காலி. லிஃப்டை நிறுத்தச் சொன்னால் மூன்றாம் மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு தண்ணீர் மோட்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள். பிறகு என்னுடைய நாற்காலிச் சக்கரங்கள், ஆமாம், என்னுடையதேதான், அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. ஒன்றை ஒழித்தால் நான்கு விநாடி நான்கரை ஆகும். அடுத்த வாரம் வேறு ஏதோ ஒன்று முளைத்துத் திரும்ப நான்குக்கு வந்து நிற்கும். உங்களுக்கு எரிச்சல் வந்திருக்கும், எல்லாருக்கும்தான் வருகிறது. நான் சொல்வது காலையில் பல் துலக்கும்போதே கூடவே எழுந்து நிற்கிற எரிச்சல். சாப்பிடும்போது என் மனைவி ஏதாவது கேட்பாள், நான் "லிஃப்ட்" என்று பதில் சொல்வேன்.

வேறொரு தேசத்தில் ஒரு குழு ஒன்பது விநாடியைத் தொட்டுவிட்டது. எங்கள் இயக்குநர் அந்தக் கட்டுரையை அச்சடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "நாலு செகண்டுக்கு ஒரு பெரிய ரூம் எதுக்கு சார்? வருஷ முடிவு வரைக்கும் பாருங்க, அப்புறம் ரூமை வேற யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு அறையைக் காலி செய்வது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி மச்சினன். கூடத்தில் அவனுக்குச் சிலிண்டர் என்று பெயர். ஆள் ஒல்லிக்குச்சி, ஆனால் தன்னைவிட உயரமான வாயு உருளையை ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டே நடைபாதையில் பாடிக்கொண்டு போவான். அதனால் அந்தப் பெயர். ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தான். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், நான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் எங்கே கசிகிறது என்று நாங்கள் கருவியை வைத்து இரண்டு நாள் தேடுவதை அவன் காதை வைத்து இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். தினமும் காலையில் வந்ததும் முதல் கேள்வி அவனுடையது.

"மாமா, மேகம் நல்லாருக்கா?"

"நாலு செகண்ட்."

"அடப் பாவமே. நேத்து அஞ்சு வரைக்கும் வந்துச்சே. யாரோ கண்ணு வெச்சுட்டாங்க மாமா."

எனக்குச் சிரிப்பு வராது. அவனுக்கு அதுவும் பழக்கம்தான். அவனுடைய மகளுக்கு ஆறு வயது. என்னைக் கண்டால் "மேக மாமா" என்று கூப்பிடும். அவன் சொல்லிக்கொடுத்தது.

படலத்தைக் குளிர வைக்கிற பெரிய கலத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, நாங்கள் பானை என்போம். பானையின் அடிப்பாகம் தரைக்குக் கீழே, ஆள் உயரப் பள்ளத்துக்குள் தொங்கும். பானையைச் சுற்றி ஒரு வெளிச்சட்டை, அதற்குள் திரவ நைட்ரஜன். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஒரு கால் மணிக்கு ஒரு தரம் நிரப்ப வேண்டும். அதற்குத் தானாகத் திறந்து மூடுகிற வால்வு இருந்தது. அந்த வால்வுக்குள் ஒரு மின்சுருள். மின்சுருள் என்றால் காந்தம். கழற்றச் சொன்னேன். அதன் பிறகு அவன் பள்ளத்துக்குள் இறங்கி நின்று கையாலேயே நிரப்பினான்.

இரும்பு எதுவும் கூடாது. பித்தளை ஸ்பானர் ஒன்று மட்டும் அவன் கையில் இருக்கும். பெல்ட் கிடையாது, நாடா கட்டிய கால்சட்டை, துணிச் செருப்பு. கைபேசி வெளியே என் மேசைமேல். ஒரு புள்ளி, அதாவது ஒரு அளவீடு, எடுக்க எங்களுக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். முக்கால் நிமிஷம் மேகத்தை உருவாக்க, கால் நிமிஷம் அதைத் தொங்கவிட்டுப் படம்பிடிக்க. அந்தக் கால் நிமிஷம் அவன் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். எத்தனை பேரை வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் முடியவில்லை, மூக்கையாவது சொறிவார்கள். இவன் நின்றான். நாற்பது புள்ளி சேர்ந்தால் ஒரு ஓட்டம். ஓட்டத்தின்போது கூடத்துக் கதவைத் திறக்கக் கூடாது. கதவைத் திறந்தால் உள்ளே வெப்பம் அரை டிகிரி மாறும், லேசர் நழுவிவிடும், ஒரு நாள் வேலை போய்விடும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் இயக்குநரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அது நான் போட்ட விதி. எல்லாரும் அதை மதித்தார்கள்.

ஐந்தரை விநாடி வந்தது. அதற்கு மேல் போகவில்லை. மூன்று மாதம் தேடினேன். கடைசியில் பார்த்தால் அது காற்று வெளியேற்றும் விசிறி.

நைட்ரஜன் விஷமில்லை, நாம் மூச்சில் இழுக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். ஆனால் திரவமாகச் சிந்தினால் ஒரு லிட்டர் எழுநூறு லிட்டர் வாயுவாகும். குளிர்ந்த வாயு கனமானது. பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருக்கிற பிராணவாயுவைத் தள்ளிவிடும். அதற்காகப் பள்ளத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு அளவி. சாதாரணமாக இருபது புள்ளி ஒன்பது சதவீதம் காட்டும். பத்தொன்பதரைக்குக் கீழே போனால் மணி அடிக்கும், விசிறி ஓடும். ஓட ஆரம்பித்தால் இருபது நிமிஷம் நிற்காது. கையால் நிரப்பும்போது கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். ஆக ஒவ்வொரு தரமும் மணி, ஒவ்வொரு தரமும் விசிறி, ஒவ்வொரு தரமும் மேகம் காலி.

நான் முறைப்படிதான் கேட்டேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விசிறியின் மோட்டாரைக் கூரைக்கு மாற்றச் சொல்லிப் பாதுகாப்பு அலுவலருக்கு மூன்று விண்ணப்பம் கொடுத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மூன்றையும் படித்தார். "மாத்தலாம் சார், தாராளமா மாத்தலாம். ஆனா மாத்தி முடிக்கிற வரைக்கும் பள்ளத்துல ஆள் இறங்கக் கூடாது. ரெண்டு மாசம் ஆகும்" என்றார். என்னிடம் இருந்ததே இரண்டு மாதம்தான். இதைச் சொன்னால், "உயிரைவிடவா சார் உங்க மேகம் பெரிசு?" என்று கேட்டார். இப்படிக் கேட்டுவிட்டால் எதிராளி வாயைத் திறக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

எனவே நான் ஒரு சின்னப் பெட்டி செய்தேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அளவியிலிருந்து வருகிற கம்பியை எடுத்துவிட்டு இந்தப் பெட்டியைச் சொருகினால், கதவருகே சுவரில் இருக்கிற திரை எப்போதும் இருபது புள்ளி ஒன்பது என்றே காட்டும். மணி அடிக்காது. விசிறி ஓடாது. ஓட்டம் நடக்கிற நேரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். சொருகுவதும் எடுப்பதும் தொல்லையாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மாள் சோதனைக்கு வந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"என்ன சார் இது, நம்பர் அசையவே மாட்டேங்குது? நல்ல மீட்டர்னா கடைசி நம்பர் எட்டுக்கும் ஒன்பதுக்கும் கொஞ்சமாவது ஆடணுமே."

"காத்து சுத்தமா இருக்கு, மேடம்."

அவர் போன பிறகு யோசித்தேன். சொன்னது நியாயம்தான். உண்மையான அளவி ஒன்று இப்படி மரக்கட்டை மாதிரி நிற்காது. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து பெட்டியைத் திருத்தினேன். எண் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே தாறுமாறாகத் துடிக்கும்படி, மதியத்தில் சற்று அதிகமாகத் துடிக்கும்படி செய்தேன். அடுத்த தரம் வந்தபோது அவர் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். செய்வதைத் திருந்தச் செய்வது என் பழக்கம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மச்சினனிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அவன் இறங்குமுன் ஒவ்வொரு தரமும் திரையைப் பார்த்து, "இருபது புள்ளி ஒன்பது மாமா, இறங்குறேன்" என்பான். தெரிந்தால் பயப்படுவான். பயந்தவன் கை நடுங்கும், நடுங்கினால் புள்ளி கெடும். அவனுக்கும் இந்த மேகத்தில் பங்கு உண்டு. என்னைவிட அவன்தான் அது பிழைக்க வேண்டும் என்று விரும்பினான் என்றுகூடச் சொல்வேன்.

பெட்டியைச் சொருகிய பிறகு எட்டு விநாடி வந்தது. எட்டு. நான் அன்று வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொண்டேன். மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் இரண்டு விநாடி. கட்டடத்தில் ஆட்கள் இருக்கும்வரை அது வராது என்று புரிந்தது. வருஷம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அதில் வருகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். லிஃப்டைப் பூட்டினேன், தண்ணீர் மோட்டாரை அணைத்தேன், காவலாளியை வாசல் பக்கம் போய் உட்காரச் சொன்னேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். "வேலைன்னா அவன் பசியே பாக்க மாட்டான். நீங்க பாத்துக்கோங்க" என்றாள். சரி என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் நைட்ரஜன் குழாயைப் பானையில் பொருத்தினான். பொருத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, குழாய் மூட்டுல வெடிப்பு விட்டிருக்கு. போன வாரமே சொன்னேன். இன்னைக்கு மாத்திட்டு நாளைக்கு ஓட்டுவோமா?"

மூட்டை மாற்ற வேண்டுமென்றால் பானையைச் சூடாக்க வேண்டும். சூடாக்கித் திரும்பக் குளிர வைக்க ஆறு நாள். நாளைக்கு என்பது பேச்சுக்குச் சொல்வது, அவனுக்கும் தெரியும்.

"எவ்வளவு கசியுது?"

"இப்போதைக்குக் கம்மிதான். குளிரக் குளிர என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

"இந்த ஒரு ஓட்டம் முடியட்டும், மாத்திடலாம்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கைபேசியை எடுத்து என் மேசைமேல் வைத்தான். திரையைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினான். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சிவப்பு விளக்கைப் போட்டேன். பக்கத்து அறையில் கணினி முன் உட்கார்ந்தேன்.

முதல் புள்ளி பதினொன்று புள்ளி நான்கு விநாடி.

உங்களுக்கு இது வெறும் எண். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன், சக்கரம் இல்லாத நாற்காலி. வருஷத்துக்கு ஒரு விநாடி வீதம் பதினோரு வருஷத்தையும் யாரோ திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. இரண்டாவது பதினொன்று புள்ளி மூன்று. மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படியே. ஆறு வரைக்கும் அப்படியே. படலத்தின் மேல் மேகம் நெளிகிற வடிவம் திரையில் ஒவ்வொரு கோடாக வந்துகொண்டிருந்தது. இதுவரை எந்த மனுஷனும் பார்த்திராத வடிவம். எனக்குக் கண் கலங்கியது, சொல்வதற்கு வெட்கமில்லை.

ஓட்டம் முழுசாக நாற்பது புள்ளி நடந்தது, குழாய் திறந்தே இருந்ததால் பானை கடைசி வரை சூடாகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குச் சேமித்தேன். இரண்டு இடத்தில் நகல் வைத்தேன். பிறகு கதவைத் திறந்தேன், ஆனால் உள்ளே போகவில்லை. வெண்மூட்டம் பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் நிரம்பி நின்றது. அந்தக் காற்றில் இரண்டு மூச்சு இழுத்தால் நானும் விழுந்திருப்பேன், இரண்டு பேர் போவதில் அர்த்தமில்லை. கை நீட்டினால் எட்டுகிற இடத்தில்தான் பெட்டி இருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கம்பியைப் பழையபடி சொருகவில்லை, தொங்கவிட்டேன். விசிறியைக் கையால் போட்டேன். மூட்டம் விலகப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவன் ஏணியின் கீழே, பானையில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தான்.

நீங்கள் வந்தீர்கள். மூட்டு உடைந்திருந்ததைப் பார்த்தீர்கள். அளவியின் கம்பி கழன்று கிடந்ததைப் பார்த்தீர்கள். பராமரிப்புக் குறை என்று எழுதினீர்கள். அந்த அம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கடைசிக் கையெழுத்து அவருடையது, அதனால்தான். எனக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றி முதலில் சொன்னதைக்கூட நீங்கள் எழுத வேண்டியதில்லை.

சாவு எப்படி இருந்திருக்கும் என்று மருத்துவர் என் மனைவிக்கு விளக்கினார். பிராணவாயு குறைவது உடம்புக்குத் தெரியாதாம், மூச்சு முட்டாதாம். முதலில் கால் வலுவிழக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சற்று நேரம் கையில் தெம்பு இருக்கும், புத்தியும் ஓரளவு இருக்கும். பிறகு தூக்கம் மாதிரி வரும். கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் சொன்னார். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க? ஒரு சத்தம்கூடவா கேக்கல?"

"சுவர் கனம். ஒண்ணும் கேக்காது" என்றேன். அது உண்மை. வேண்டுமானால் நீங்களே வந்து சோதித்துப் பாருங்கள், ஒரு சத்தமும் கேட்காது. அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து பேசுவதில்லை. கோபம் யார்மேலாவது போக வேண்டும், என்மேல் போயிருக்கிறது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டுரையை எழுதினேன். அவன் பெயரை என் பெயருக்கு அடுத்து, இரண்டாவதாகப் போட்டேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவனுக்கு அந்த இடம் எதற்கு என்று இயக்குநர் இழுத்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையைத் தவிர அவன் பெயர் எதிலும் அச்சானதில்லை. அறையையும் காலி செய்யவில்லை, இயக்குநரே வந்து கை குலுக்கினார்.

போன வாரம், ஆய்விதழுக்காக அந்தக் கட்டுரையைப் பரிசீலிக்கிறவரிடமிருந்து கடிதம் வந்தது. யார் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். நல்ல படிப்பாளி. முழுக்கப் பாராட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். நாற்பது புள்ளிகளில் முப்பத்தைந்துதான் அட்டவணையில் இருக்கின்றன, ஏழிலிருந்து பதினொன்று வரை ஐந்து புள்ளிகள் விடுபட்டிருக்கின்றன, காரணம் என்ன என்று.

இதற்காகத்தான் வந்தேன். நான் மனைவியிடம் சில விஷயங்களைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், உங்களிடமும்தான். ஆனால் தரவில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கருவிக் கோளாறு என்று ஒரு வார்த்தை எழுதினால் அவர் விட்டுவிடுவார், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன், கை வரவில்லை. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. கருவி அன்று மிக நன்றாக வேலை செய்தது.

ஏழாவது புள்ளியில் மேகம் குலுங்கியது. பானையில் ஒட்டியிருக்கிற அதிர்வுமானியின் கோட்டைப் பார்த்தேன். மூன்று கூரான முனைகள், ஒரு இடைவெளி, திரும்ப மூன்று முனைகள். பித்தளை ஸ்பானரால் பானையின் காலைத் தட்டினால் அப்படித்தான் வரும். மூன்று தட்டு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. கைபேசி இல்லாமல் இறங்குகிறானே என்று நானேதான் அதை ஏற்பாடு செய்தேன். ஏதாவது ஆபத்து என்றால் மூன்று தட்டு, நான் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பேன். எட்டாவது புள்ளியிலும் மூன்று மூன்றாக வந்தது. ஒன்பதிலும் வந்தது. பத்தில் இரண்டுதான் வந்தது, உயரமும் குறைந்திருந்தது. கோட்டைப் படிக்கத் தெரியாதவன் இல்லை நான். அப்போது மணி பன்னிரண்டு பதினைந்து. கதவு என் நாற்காலியிலிருந்து ஏழு அடி.

பதினோராவது புள்ளியிலும் மேகம் ஆடியபோது எனக்குத் தாங்கவில்லை. பள்ளத்துக்கு மேலே கூரையில் ஒரு ஒலிபெருக்கி உண்டு, நான் பேசினால் உள்ளே கேட்கும். மைக்கை எடுத்து, "கொஞ்சம் சும்மா இருடா, நல்லா வந்துட்டிருக்கு" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

தட்டுவது நின்றுவிட்டது. பன்னிரண்டிலிருந்து நாற்பது வரை ஒரு புள்ளிகூட ஆடவில்லை, அட்டவணையைக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். ஆகவே அந்த ஐந்து புள்ளிகளை நீக்கியது சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். காரணத்தை அடிக்குறிப்பில் போடாமல் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தவறு. எழுதிக்கொள்ளுங்கள்.